ஆள் குறைந்த சபையை எடுத்து நடத்துவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரிப் போதகர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. பென்னாகரம் பக்கமோ ஊத்தங்கரை பக்கமோ ஒரு பழைய சபை. லாரியில் வந்த சாமான்களை இறக்கி, பாஸ்டர் வீட்டுக் குழாயைச் சரிசெய்து முடிப்பதற்குள் முதல் ஞாயிறு வந்துவிடும். இருநூறு பேர் உட்காரக் கட்டிய ஆலயம். முன்னால் ஆறேழு பாட்டிமார், தூண் ஓரம் நாலு தாத்தாக்கள், கீபோர்டு வாசிக்கும் பையன், அவனுடைய அம்மா, அப்புறம் அங்கங்கே சிலர். மொத்தம் முப்பதைத் தாண்டாது. ஆசீர்வாதம் சொல்லி முடித்து வாசலில் நின்றால் செயலாளர் வந்து கையைப் பிடித்துக்கொள்வார்: “ஐயா, ஒரு காலத்துல இங்க உக்கார இடமே இருக்காதுங்க.”

அந்த “ஒரு காலத்தை” மட்டும் கேட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். இந்த இரண்டு மாவட்டங்களிலும் இப்படிப்பட்ட நாலு சபைகளில் நான் இருந்திருக்கிறேன். இரண்டில் நிலைமை தேறியது, ஒன்றில் பாதி தேறியது, ஒன்றை நானே கெடுத்தேன். அதையும் கீழே சொல்கிறேன். நான் கண்டவரை, இங்கே காலியாகக் கிடக்கும் பெஞ்சுகளில் பாதிக்குச் சொந்தக்காரர்கள் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறிப் போனவர்கள். மீதிப் பாதி, ஏதோ ஒரு சண்டையில் மனம் கசந்து ஆலயத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி வீட்டிலேயே உட்கார்ந்திருப்பவர்கள். விசுவாசத்தையே விட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் எழுப்புதல் கூட்டம் போட்டால், வருகிற அதே முப்பது பேர்தான் மூன்று இரவும் வந்து உட்காருவார்கள்.

ஊரைப் புரிந்துகொள்ளுங்கள்

இங்கே வரும் போதகர்களில் பலர் திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர்கள். அங்கே ஊரே கிறிஸ்தவ ஊராக இருக்கும், மணி அடித்தால் தெரு நகர்ந்து வரும். இங்கே அப்படி இல்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 6.12 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரியில் அதைவிட மிகக் குறைவு. கோவிலூர், எலத்தகிரி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களை விட்டுவிட்டால், ஒரு கிராமத்தில் பத்து வீடு, இன்னொன்றில் மூன்று வீடு என்று சிதறித்தான் இருப்பார்கள். பஸ் இல்லாத நேரத்தில் ஆராதனை வைத்தால் அந்த மூன்று வீட்டாரும் வர மாட்டார்கள்.

சபையின் பழைய கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரியில் தியோடர் நேதர் என்ற ஜெர்மானிய மிஷனரி, அமெரிக்க மிசூரி லுத்தரன் சபையின் சார்பில் 1895ல் ஊழியம் தொடங்கினார். 1904ல் பிளேக் நோயில் இறந்தார். இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அந்த ஊழியத்திலிருந்து வளர்ந்ததுதான். சேலம் பக்கம் லண்டன் மிஷன் வைத்த சபைகள் 1947ல் தென்னிந்தியத் திருச்சபைக்குள் வந்தன. இந்த மிஷன் காலத்துச் சபைகளைக் கட்டிவைத்திருந்த கயிறு பிரசங்கம் மட்டும் இல்லை. மிஷன் பள்ளிக்கூடம், போர்டிங், ஆஸ்பத்திரி, அங்கே ஒரு வாத்தியார் வேலையோ ஆயா வேலையோ எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் கயிறு. மிஷனரிகள் போய், பள்ளிக்கூடத்தில் வேலை கிடைப்பது அரிதானதும் கயிறு தளர்ந்தது. அந்த வாத்தியார்களின் பிள்ளைகள் படித்துச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. சபைதான் அவர்களைப் படிக்க வைத்தது!

முதல் படி: மூன்று மாதம் எதையும் மாற்றாதீர்கள்

நெகேமியா எருசலேமுக்குப் போய் மூன்று நாள் சும்மா இருந்தார். அப்புறம் ராத்திரியில், யாருக்கும் சொல்லாமல், சில பேரை மட்டும் கூட்டிக்கொண்டு இடிந்த மதிலைச் சுற்றிப் பார்த்தார். கட்டுவோம் வாருங்கள் என்று சொன்னது அதற்குப் பிறகுதான். நமக்கு மூன்று நாள் போதாது, மூன்று மாதம் வேண்டும்.

நான் கெடுத்த சபையில் செய்த தப்பு இதுதான். போன முதல் மாதமே பழைய மர பெஞ்சுகளை ஓரம் கட்டிவிட்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டேன். பெஞ்சு ஆடியது, ஆணி குத்தியது, எனக்கு அது குப்பையாகத் தெரிந்தது. அந்த பெஞ்சுகளின் முதுகில் வெள்ளைப் பெயிண்டில் பெயர் எழுதியிருந்ததைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு குடும்பம் தன் அப்பா அம்மா ஞாபகமாகக் கொடுத்தது. மூன்று குடும்பம் அந்த வாரத்தோடு நின்றது. நாலு வருடம் கழித்து நான் மாற்றலாகிப் போனபோதும் அவர்களில் ஒரு குடும்பம் திரும்பவில்லை.

சரி, அந்த மூன்று மாதத்தில் என்ன செய்வது? பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஞானஸ்நானப் பதிவேடு, திடப்படுத்தல் (வளர்ந்தபின் விசுவாசத்தை அறிக்கையிட்டுச் சபையில் முழு அங்கமாவது) பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, சந்தா நோட்டு. கடைசி முப்பது வருடத்துப் பெயர்களை ஒரு தடித்த நோட்டில் குடும்பம் குடும்பமாக எழுதுங்கள், ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். வீட்டுப் பெரியவர், பிள்ளைகள், யார் எந்த ஊரில், போன் நம்பர், கடைசியாக எப்போது திருவிருந்தில் (அப்பமும் திராட்சரசமும் பெறும் ஆராதனையில்) சேர்ந்தார்கள். தெரியாததைக் காலியாக விடுங்கள். அப்புறம் ஒரு மூத்த அம்மாவைப் பிடியுங்கள். கமிட்டிக்காரரைக் கேட்பதைவிட இது நல்லது. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நாற்பது வருடம் இருந்த ஒரு பாட்டிக்கு எந்தப் பிள்ளை எந்த ஊரில் யாரைக் கட்டியது என்று எல்லாம் தெரியும்.

உதாரணத்துக்கு 80 குடும்பம் தேறியது என்று வைத்துக்கொள்வோம். அதில் வாராவாரம் வருவது 15, ஊரிலேயே இருந்து வராதது 20, வெளியூர் போனது 30, வேறு சபைக்குப் போனது 10, வீட்டில் ஒற்றைக் கிழவி மட்டும் இருப்பது 5 என்று பிரியலாம். இந்தப் பிரிப்பு கையில் வந்ததும் வேலை என்னவென்று தெளிவாகிவிடும். வாசலில் நின்று தலையை எண்ணிக்கொண்டிருந்தால் வருடம் முழுக்க முப்பது என்ற ஒரே எண்தான் கிடைக்கும்.

இங்கே ஒரு நெருடலான விஷயம். சிலர் பெயர் பதிவேட்டில் இருக்காது, ஆனால் ஜெபத்துக்கு வருவார்கள். சிலர் ஞானஸ்நானம் வேண்டாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்கள். காரணம் பெரும்பாலும் சாதிச் சான்றிதழ். 1950ம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதி அந்தஸ்து இந்துக்களுக்குத்தான். 1956ல் சீக்கியரும் 1990ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குள் வருவார்கள். பிள்ளையின் கல்லூரி இடமும் அரசு வேலையும் இதில் தொங்குகின்றன. ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பத்தைப் பார்த்து “உங்களுக்கு விசுவாசம் இல்லை” என்று பிரசங்கத்தில் குத்தாதீர்கள். அதே நேரம் பதிவேட்டில் தில்லுமுல்லு செய்யவோ சான்றிதழுக்கு யோசனை சொல்லவோ போகாதீர்கள். சட்டம் என்ன என்பதை உள்ளபடி சொல்லுங்கள், முடிவு அவர்களுடையது. உங்கள் நோட்டை மேஜைமேல் திறந்து போடாதீர்கள். ஞானஸ்நானப் படத்தை வாட்ஸ்அப்பில் போடுவது எத்தனை குடும்பத்தில் கலவரம் உண்டாக்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இரண்டாம் படி: வீடு வீடாக நடங்கள்

வாரத்துக்கு நாலு வீடு. அதற்கு மேல் வேண்டாம், அதற்குக் கீழும் வேண்டாம். எண்பது குடும்பம் என்றால் ஊரில் இருப்பவர்களை மூன்று மாதத்தில் ஒரு சுற்று பார்த்துவிடலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போங்கள். அதற்கு முன் மாடு கறப்பது, தண்ணீர் பிடிப்பது, வேலையிலிருந்து திரும்புவது என்று வீடு உங்களுக்காகக் காத்திருக்காது. போன் செய்துவிட்டுப் போனால் காபிக்கும் பிஸ்கட்டுக்கும் கடைக்கு ஓடுவார்கள், கூலிக் குடும்பத்துக்கு அது செலவு. “இந்தப் பக்கம் வந்தேன்” என்று போய், கொடுத்ததைக் குடியுங்கள். களி கிண்டியிருந்தால் உட்கார்ந்து ஒரு உருண்டை சாப்பிடுங்கள். ஒரு வீட்டில் களி சாப்பிட்ட போதகரைப் பற்றி ஊரே பேசும்.

முதல் சந்திப்பில் செய்யக் கூடாதவை இரண்டு. ஒன்று, “ஏன் சர்ச்சுக்கு வரவில்லை” என்று கேட்பது. இரண்டு, காணிக்கைக் கவரையும் ரசீது புத்தகத்தையும் கையில் கொண்டுபோவது. சந்தா பாக்கி கேட்கத்தான் ஐயா வந்திருக்கிறார் என்று ஒருமுறை நினைத்துவிட்டால் அடுத்த முறை வீட்டில் ஆள் இருந்தும் கதவு திறக்காது. வேலை எப்படி, பையன் எங்கே, அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி என்று கேட்டு, அவர்கள் சொன்ன பெயர்களை வைத்தே ஒரு சின்ன ஜெபம். மூன்று நிமிடம் போதும். வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் ஜெபிக்கும் போதகரை மறுபடி யாரும் விரும்பிக் கூப்பிட மாட்டார்கள், இதை எந்த இறையியல் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை!

பாஸ்டரம்மா கூட வந்தால் நல்லது. ஆண்கள் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கும் வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும் மட்டும்தான் இருப்பார்கள், அங்கே தனியாகப் போய் உட்காராதீர்கள். பாஸ்டரம்மா வேலைக்குப் போகிறவர் என்றால் பெண்கள் சங்கத்தில் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் யாரைக் கூட்டிப் போகிறீர்கள் என்பதில் கவனம். அந்த வீட்டுக்காரரோடு சண்டை போட்டவரையே கூட்டிக்கொண்டு போய் நின்ற போதகர் ஒருவரை எனக்குத் தெரியும். வாசலிலேயே முடிந்தது கதை.

ஆலயத்துக்கு வர முடியாத முதியவர்களுக்கு மாதம் ஒருமுறை வீட்டில் திருவிருந்து கொடுங்கள். அந்த நேரத்தில் மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நிற்பாள், பேரன் டிவியைக் குறைப்பான். வருடக்கணக்காக ஆலயத்துக்கு வராத வீடு அந்தப் பத்து நிமிடம் ஆலயமாகிவிடும்.

மூன்றாம் படி: பழைய சண்டைகளைத் தொடுங்கள், பொறுமையாக

இதுதான் கடினமான படி. பெரும்பாலான போதகர்கள் தாண்டிக் குதிக்கும் படியும் இதுதான். வீடு வீடாகப் போகும்போதே கதைகள் வந்துவிடும். கமிட்டித் தேர்தல், கல்லறைத் தோட்டத்தில் இடம், யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்தை முந்தைய போதகர் நடத்தித் தர மறுத்தது, கேரல் ரவுண்ட்ஸில் ஒரு வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனது.

நான் பார்த்த ஒன்று அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த பொருட்களை ஏலம் விடும்போது தொடங்கியது. ஒருவர் உற்சாகத்தில் ஒரு சேவலைச் சந்தை விலையைப் போல பல மடங்குக்கு ஏலம் கேட்டு எடுத்துவிட்டார். அந்த வருடம் மாங்காய் விலை விழுந்தது. பணம் கட்ட முடியவில்லை. பாக்கிப் பட்டியலை ஒரு ஞாயிறு அறிவிப்பில் சத்தமாக வாசித்துவிட்டார்கள். அதோடு சரி, ஒன்பது வருடம் அந்தக் குடும்பத்தில் ஒருவரும் ஆலய வாசலை மிதிக்கவில்லை. நான் எட்டு முறை போனேன். ஏழாவது முறைதான் சேவல் கதையே வெளியே வந்தது. பட்டியலை வாசித்தவர் உயிரோடு இருந்தார். அவரிடம் பேசினேன், அவர் போய் “தப்புதான் மாமா” என்றார். அந்த வீட்டு அம்மா அடுத்த வாரமே பேத்தியோடு ஆலயத்துக்கு வந்தார். சேவல் எடுத்த மனுஷன் கடைசிவரை வரவில்லை. ஆனால் நான் போனால் கேட்டைத் திறந்துவிட்டு நாற்காலி எடுத்துப் போடுவார். அதுவே போதும் என்று விட்டுவிட்டேன். ஏலப் பாக்கியைச் சபையில் வாசிக்கும் வழக்கத்தை அந்த வருடமே நிறுத்தினோம்.

முறை இதுதான்: இரண்டு தரப்பையும் தனித்தனியே கேளுங்கள். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோகாதீர்கள். யார் சரி என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள், நீங்கள் வருவதற்கு முன் நடந்தவற்றுக்கு நீங்கள் நீதிபதி அல்ல. பிரசங்க மேடையிலிருந்து பெயர் சொல்லாமல் குத்துவது இருக்கிறதே, அதைப்போல ஒரு சபையைக் காலி செய்யும் ஆயுதம் வேறில்லை. யாரைச் சொல்கிறீர்கள் என்று எல்லாருக்கும் தெரியும், அவருக்குப் பதில் சொல்ல மைக் இல்லை. ஒப்புரவுக்கு ஏற்ற காலம் ஈஸ்டருக்கு முன்வரும் லெந்து (தவக்கால) நாட்கள். சாம்பல் புதனிலிருந்து நாற்பது நாள் இருக்கிறது, பெரிய வியாழன் திருவிருந்துக்கு முன் பேசி முடிக்கலாம் என்று சொன்னால் இரண்டு தரப்புக்கும் தோற்ற மாதிரி இராது.

சாதிச் சண்டை வேறு வகை. இந்தப் பக்கம் பல சபைகள் ஒரே சாதியார் சபைகள். கலந்திருக்கும் சபைகளில் உட்காரும் பக்கம், பெண் கொடுக்கல் வாங்கல், கல்லறை வரிசை என்று எங்காவது கோடு இருக்கும். காலனியில் இருக்கும் ஆலயத்துக்கு ஊர்த்தெருக்காரர் வர மாட்டார். இதற்கு நைச்சியமான வழி கிடையாது என்பது என் கருத்து. திருவிருந்துக் கிண்ணம் ஒன்று, கல்லறைத் தோட்டம் ஒன்று, கமிட்டியில் எல்லார்க்கும் இடம். இதில் விட்டுக்கொடுத்துப் பத்துக் குடும்பத்தைத் திருப்பிக் கொண்டுவருவதைவிட அந்தப் பத்துக் குடும்பம் இல்லாமல் இருப்பது மேல். ஆனால் இதைப் போன உடனே அறிவிக்காதீர்கள். எல்லா வீட்டிலும் சாப்பிட்டபிறகு சொன்னால் கேட்பார்கள்.

நான்காம் படி: கணக்கைச் சுவரில் ஒட்டுங்கள்

இது சுலபம், இரண்டு மாதத்தில் பலன் தெரியும். காணிக்கையை ஆராதனை முடிந்ததும் ஆலயத்திலேயே இரண்டு பேர் எண்ணி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் கமிட்டிக்கு வெளியே இருந்து. போதகர் கை பணத்தில் படவே கூடாது, சில்லறை மாற்றக்கூட. வங்கிக் கணக்கில் இரட்டைக் கையெழுத்து. மாதம் முதல் ஞாயிறு வரவு, செலவு, கையிருப்பு மூன்றையும் ஒரு தாளில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்று ஒட்டாதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஆலயக் கூரைக்குப் பணம் அனுப்புகிறேன் என்பார்கள். 2010ம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை நினைவில் வையுங்கள். துபாயில் இருந்தாலும் இந்தியக் குடிமகனாக இருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்புவது ஆகும். அதை அந்தச் சட்டப்படி பதிவு இல்லாத சபை வாங்கினால் வம்பு. சந்தேகம் வந்தால் திருமண்டல (பேராயரின் நிர்வாக) அலுவலகத்தையோ ஒரு ஆடிட்டரையோ கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஐந்தாம் படி: ஆராதனையை ஊரின் நேரத்துக்குத் திருப்புங்கள்

இப்போதுதான், ஐந்தாவது மாதத்திலோ ஆறாவது மாதத்திலோ, ஆலயத்துக்குள் கை வைக்கிறீர்கள். முதலில் நேரம். காலை ஒன்பது மணி என்பது மிஷனரி காலத்து நேரம். போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமைதான் சந்தை. ஆடு, கோழி, காய்கறி விற்கிறவர் எப்படி ஒன்பது மணிக்கு வருவார்? ஓசூர் கம்பெனியில் இரவு ஷிஃப்ட் முடித்தவர் அப்போதுதான் படுப்பார். பெங்களூரில் கட்டட வேலை செய்பவர் சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு நடு ராத்திரி வந்து இறங்குவார். ஏப்ரலில் இருந்து ஜூலை வரை மாந்தோப்பும் மாங்கூழ் ஆலையும் ஞாயிறு என்று பார்ப்பதில்லை.

காலை ஆராதனையை எடுக்காதீர்கள், பாட்டிமாருக்கு அது வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு, சம்பளம் வாங்கி ஊருக்கு வருகிற வாரமாகப் பார்த்து, சாயங்காலம் ஐந்தரைக்கு இன்னொரு ஆராதனை வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். எட்டரை மணிக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் அதில் இருப்பார்கள். முதல் முறை ஒன்பது பேர்தான் வருவார்கள், ஆறு மாதம் தொடர்ந்து நடத்துங்கள்.

பிரசங்கம் இருபது நிமிடம். தயவுசெய்து நெல்லைத் தமிழிலோ புத்தகத் தமிழிலோ பேசாமல் இந்த ஊர்க்காரர் பேசுவதைக் காதில் வாங்கிப் பேசுங்கள். பாமாலையையும் கீர்த்தனையையும் விட்டுவிடாதீர்கள், புதுப் பாட்டு ஒன்றிரண்டு சேருங்கள்; பாட்டுச் சண்டையில் பிளந்த சபைகள் உண்டு. ஸ்பீக்கர் சத்தத்தைக் குறையுங்கள். முப்பது பேருக்கு நாலு பெட்டி ஸ்பீக்கர் எதற்கு?

ஆறாம் படி: பஸ் ஏறிப் போனவர்கள்

நோட்டில் வெளியூர் என்று எழுதிய குடும்பங்களைப் போனில் கூப்பிடுங்கள், வாரத்துக்கு ஐந்து. “பாலக்கோட்டிலிருந்து புதுப் பாஸ்டர் பேசறேன், உங்க அம்மாவைப் பார்த்துட்டு வந்தேன், நல்லா இருக்காங்க” என்று தொடங்கினால் எந்தப் பிள்ளையும் போனை வைக்காது. கட்டட நிதி பற்றி அந்த வருடம் முழுக்க வாயே திறக்காதீர்கள்.

ஓசூரிலோ பெங்களூரிலோ உங்கள் சபைக் குடும்பங்கள் ஐந்தாறு அருகருகே இருந்தால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் வையுங்கள், நீங்களே போய் வாருங்கள். ஆனால் அவர்களைக் கட்டிப்போட வேண்டாம். அங்கே பக்கத்தில் இருக்கும் ஆலயத்தில் சேர விரும்பினால் சபை மாறுதல் கடிதத்தை முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுங்கள். கடிதத்தை இழுத்தடிக்கும் சபைக்கு அவர்கள் கிறிஸ்துமஸுக்குக்கூடத் திரும்ப மாட்டார்கள்.

அவர்கள் வருவது பெரிய வெள்ளி, கிறிஸ்துமஸ், டிசம்பர் 31 இரவு. அன்றைக்கு ஆலயம் நிரம்பும். நம்மில் பலர் அதைப் பார்த்து, “வருஷத்துக்கு ஒரு நாள் வருகிறவர்களே” என்று பேசி மனதைப் புண்படுத்துவோம். அதற்குப் பதில் புது வருடத்துக்கு ஒரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை கொடுக்கும்போது ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கொடுங்கள். நோட்டைப் பார்த்து முந்தின நாளே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முப்பது வயதுப் பிள்ளை ஒருவன், “ஐயாவுக்கு என் பேரு எப்படித் தெரியும்?” என்று அம்மாவைக் கேட்டானாம். அவன் அடுத்த மாதம் வந்த காரணம் இதுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் வந்தான்.

ஏழாம் படி: வேலையைப் பிரித்துக் கொடுங்கள்

கத்தோலிக்கரிடம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. 1997ல் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மறைமாவட்டம் ஆனது. அவர்கள் பங்குகளில் அன்பியம் என்று பக்கத்துப் பக்கத்து வீடுகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நமக்கு எட்டு வீட்டுக்கு ஒரு குழு போதும். இரண்டு பேர் பொறுப்பு, அதில் ஒருவர் கட்டாயம் பெண். அந்த எட்டு வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் சாவு என்பது அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்துவிடும். நீங்கள் போவதற்கு முன்பே அவர்கள் போயிருப்பார்கள், அதுதான் வேண்டும்.

பிள்ளைகளுக்கு மே மாத வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) மட்டும் போதாது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு மூன்று மாதம் முன்பிருந்து ஆலயக் கூடத்தைச் சாயங்காலம் திறந்து வையுங்கள். விளக்கு, ஃபேன், குடிநீர், சொல்லிக் கொடுக்கக் கல்லூரி படிக்கும் ஒரு அக்கா. எந்த மதத்துப் பிள்ளை வந்தாலும் உட்காரட்டும், அதில் ஜெபத்தைத் திணிக்காதீர்கள். வாலிபர்களுக்கு நாற்காலி அடுக்கும் வேலை மட்டும் கொடுக்காமல் கணக்கு எழுத, வேதபாடம் வாசிக்க, கமிட்டியில் பேச விடுங்கள்.

ஓசூர் பக்கத்துச் சபை என்றால் இன்னொரு கதவும் இருக்கிறது. ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் பெண்களில் கிறிஸ்தவர்கள் நிறையப் பேர், சிலர் தலைமுறை தலைமுறையாக லுத்தரன்கள். ஞாயிற்றுக்கிழமை போக இடமில்லாமல் அறையில் இருப்பார்கள். ஒரு வேதபாடம் இந்தியில், ஒரு பாட்டு அவர்கள் மொழியில், முடிந்ததும் ஒரு சாப்பாடு. சபைக்குத் தமிழ்தான் தெரியும் என்று பயப்படாதீர்கள், நம் ஊரில் ஏற்கெனவே தெலுங்கும் கன்னடமும் பேசி வளர்ந்தவர்கள்தானே பாதிப் பேர்.

எட்டாம் படி: அக்கம்பக்கமும் சட்டமும்

சுருக்கமாகவே சொல்கிறேன். சபை வளரத் தொடங்கினால் ஊரில் சிலருக்கு உறுத்தும். புதிதாக ஆலயமோ ஜெப வீடோ கட்டுவதற்குக் கலெக்டரின் முன் அனுமதி வேண்டும். தகர ஷெட்தானே என்று போடாதீர்கள். இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது, மற்ற நேரத்திலும் போலீஸ் அனுமதி எழுத்தில் வாங்குங்கள். ஊர் நாட்டாமை, பஞ்சாயத்துத் தலைவர், பக்கத்துக் கோயில் பூசாரி மூவரையும் நீங்களே போய்ப் பாருங்கள். மாரியம்மன் திருவிழா அன்று ஆலயத் தெருவில் தண்ணீர்ப் பந்தல் போட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

ஒன்பதாம் படி: போகும்போது

மூன்றோ ஐந்தோ வருடத்தில் உங்களுக்கும் மாற்றல் வரும். நல்ல போதகர் போனதும் சபை மறுபடி விழுவது இங்கே வாடிக்கை, அதற்குப் பாதிக் காரணம் போனவர்தான். உத்தரவு வந்த அன்றே நோட்டைத் தூசி தட்டுங்கள். விட்டுப்போனவற்றை எழுதுங்கள். பிறர் ரகசியமாகச் சொன்னவற்றைத் தனித்தாளில் எழுதி வைத்திருந்தால் அதைக் கிழித்துவிடுங்கள். புதுப் போதகர் வந்ததும் முக்கியமான பத்து வீடுகளுக்கு நீங்களே கூட்டிப் போங்கள், சேவல்காரர் வீடு மாதிரி வீடுகளுக்கு முதலில். சாவிக்கொத்து, பாஸ்புக், பதிவேடுகள் எல்லாவற்றையும் செயலாளர் முன்னிலையில் எழுதிக் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். சபை வாட்ஸ்அப் குழுவிலிருந்து அன்றே விலகுங்கள். பழைய குடும்பங்கள் கல்யாணத்துக்கும் வீடு பிரதிஷ்டைக்கும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். புதுப் போதகர் வாயால் அழைத்தால் போங்கள், போனாலும் அங்கி போடாமல் சபையோடு கீழே உட்காருங்கள். யாராவது போன் செய்து புதுப் போதகரைப் பற்றிக் குறை சொன்னால், “அவரை வீட்டுக்குக் கூப்பிட்டுக் களி போட்டீங்களா?” என்று கேளுங்கள்.